அடுத்தது யார் கைக்கு?

மின்நூல் கருவி கூடாது என்பவர்கள் எடுத்த எடுப்பில் பேசுவது புத்தக வாசனையைப் பற்றித்தான். புதுத் தாளின் மணம், மையின் மணம், பழுப்பேறிய பக்கத்தின் மணம் என்று அடுக்குவார்கள். ரப்பர்த் தோட்டத்தில் வளர்ந்தவளிடம் இந்தப் பேச்சு எடுபடாது. எங்கள் கைக்கு வந்த புத்தகம் எதுவும் புது மணத்தோடு வந்ததில்லை. மண்ணெண்ணெய், கோடாலித் தைலம், யார் வீட்டு அடுப்படியிலோ பொரித்த கருவாடு எல்லாம் ஏறி, ஐந்தாறு வீடு சுற்றிய பிறகே எங்கள் வாசலுக்கு வரும். ரப்பர்ப் பால் கொட்டகைக்குப் பக்கத்து லயத்து வரிசை வீடுகளிலிருந்து வரும் இதழை முகர்ந்தே சொல்லிவிடலாம். ஒட்டுப்பால் நாற்றம் அதில் அப்பியிருக்கும். ஆகையால் வாசனைக்காக நான் மாரடிக்கப் போவதில்லை, காகிதத்துக்காகவும் இல்லை. ஜாசின் பக்கத்துத் தோட்டத்தில் நாங்கள் விட்டுவந்தது வேறு. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மகள் ஒரு கிண்டில் வாங்கிக் கையில் கொடுத்த பிறகுதான் அது இன்னதென்று எனக்கே விளங்கியது.

மலாக்காவுக்கும் ரப்பருக்கும் உறவு பழையது. டான் சாய் யான் என்ற மலாக்காச் சீனர் 1896இல் புக்கிட் லிந்தாங்கில் ஏறத்தாழ நாற்பது ஏக்கரில் ரப்பர் நட்டார். மலாயாவில் வியாபாரத்துக்கென்று போட்ட முதல் ரப்பர் தோட்டம் அதுதான். அடுத்து புக்கிட் அசஹானில் இன்னும் பெரிய பரப்பில் நட்டார். மலாக்கா மாநிலத்தின் காடுகள் ஒவ்வொன்றாகக் கித்தாக் காடுகளாயின. மரம் சீவத் தமிழ்நாட்டிலிருந்து ஆள் கொண்டுவந்தார்கள். கம்பெனி லயம் கட்டிக்கொடுத்தது, மாரியம்மன் கோயிலுக்கு இடம் விட்டது, கள்ளுக்கடை வைத்தது, பிள்ளைகளுக்கு ஆறாம் வகுப்புவரை ஒரு தமிழ்ப்பள்ளியும் நடந்தது. எழுத்துக் கூட்டப் படித்துவிட்டவன் அதற்குமேல் எதைப் படிப்பான் என்ற கணக்கு மட்டும் யார் பேரேட்டிலும் இல்லை.

அந்தக் கணக்கை ஜனங்களே பார்த்துக்கொண்டார்கள். தமிழ் எழுத்து தோட்டத்துக்குள் வர நாலு வழி இருந்தது. முதல் வழி நாளிதழ். கோலாலம்பூரில் 1924இல் தொடங்கிய தமிழ் நேசன் ஜாசினிலிருந்து சைக்கிளில் எங்களிடம் வரும். மற்ற நாளில் வாங்குவோர் சிலர். ஞாயிறு பதிப்பென்றால் பறக்கும். நேசனின் பவுன் பரிசுப் போட்டியில் வென்ற சிறுகதை வந்துவிட்டால், கதையைவிடப் பவுனைப் பற்றிய பேச்சே இரண்டு நாள் ஓடும். இரண்டாவது, தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்தின் ‘சங்கமணி’. அது தொழிற்சங்கத் தலைவர் வீட்டுக்கு வரும். மூன்றாவது, தோட்டக் கணக்கர் கிராணி ஐயா வீட்டு விகடன், கல்கி, கலைமகள். கப்பலேறி வந்ததால் தீபாவளி மலர் இங்கே கரை சேர்வதற்குள் பொங்கல் நெருங்கிவிடும். நாலாவது சம்பள நாள். அன்று சாயங்காலம், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்து ஓரத்தில் துணிக்காரர், வளையல்காரர், மிட்டாய்க்காரர் எல்லாரும் கடை விரிப்பார்கள். அவர்களுக்கு நடுவில் ஒருவர் சாமி படங்களோடு பெரிய எழுத்து விக்கிரமாதித்தன் கதை, அல்லி அரசாணி மாலை, நல்லதங்காள் கதை என்று பாயில் பரப்பியிருப்பார். பிற்பாடு எழுபதுகளின் கடைசியில் ஆதி. குமணனின் வானம்பாடி வந்தபோது, இளவட்டங்கள் அந்த வார இதழுக்காக ஜாசின் பேருந்து நிலையத்துக்கே போய் நின்றார்கள்.

வாங்க வழி இருந்தாலும் படிக்க நேரம் வேண்டுமே. விடியற்காலை ஐந்தரைக்கெல்லாம் பெரட்டு. மரம் சீவி, மங்குக் கோப்பையில் பால் வடிந்து முடியும்வரை காத்திருந்து, எடுத்து, காண்டாக் கம்பில் வாளிகளை மாட்டித் தூக்கிப்போய்க் கொட்டகையில் நிறுத்துக் கொடுத்து வீடு திரும்ப மதியம் தாண்டிவிடும். சீவி முடிந்ததற்கும் பால் எடுக்கத் தொடங்குவதற்கும் இடையில் கொஞ்சம் ஓய்வு உண்டு. அப்பா தன் வாழ்நாளில் படித்ததில் பாதியை அந்த ஓய்வில், நிரைக்கு நடுவில் சாக்கை விரித்து உட்கார்ந்துதான் படித்தார். இடுப்பில் கொசுவத்தி புகையும். மடித்துச் சட்டைக்குள் செருகி வந்த தொடர்கதை வியர்வையில் ஊறியிருக்கும். லயத்தில் இரவு பத்து மணிக்கு ஜெனரேட்டர் நின்றுவிடும். அதற்கு மேலும் படிக்கிறவர் மண்ணெண்ணெய்ச் செலவுக்கும் அம்மாவின் ஏச்சுக்கும் துணிந்தவராக இருக்க வேண்டும்.

எங்கள் தோட்டத்தில் ஒரு பொன்னியின் செல்வன் இருந்தது. கடையில் வாங்கியதல்ல, கல்கி இதழில் தொடராக வந்ததை வாராவாரம் பிரித்தெடுத்துச் சேர்த்தது. முதுகைச் சாக்கு ஊசியால் தைத்து, பசைக்குப் பதில் மங்குப் பாலைத் தடவியிருந்தார்கள். புதிதில் வெள்ளையாக இழுத்துப் பிடித்த பால் வருஷம் ஆக ஆகத் தேன் நிறமாகி, பிறகு கறுத்து, எடுப்பவர் விரலில் ஒட்ட ஆரம்பித்தது. மேலட்டையில் மளிகைக்கடை நாட்காட்டியிலிருந்து நறுக்கிய முருகன். கதைப் பக்கத்தின் பின்புறம் தலைவலித் தைலத்துக்கு விளம்பரம், இல்லாவிட்டால் ஒரு சிரிப்புத் துணுக்கின் முதல் பாதி. பதில் இருந்த பாதி கிழிபட்டு எங்கேயோ போயிருக்கும். உள் அட்டையில் பென்சிலால் ஒரு பட்டியல் ஓடியது: வீட்டு நம்பர், கொண்டுபோன தேதி, திருப்பிக் கொடுத்ததும் மேலே ஒரு கோடு. கோடு விழாத நம்பரைத் தோட்டமே அறியும். ஆகவே புத்தகம் தொலைந்ததாகக் கேள்வியில்லை.

ஆனால் இரண்டாம் பாகத்தில் மூன்று அத்தியாயம் அதில் கிடையாது. தைத்தவருக்கு அந்த வாரங்களின் இதழ் கிடைக்கவில்லை போலும். முழுக் கதையும் படித்திருந்தவர் கிராணி அம்மா ஒருவர்தான். அந்த இடம் வந்ததும் படிக்கிறவள் போய் அவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். அவர் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டே சொல்வார். ஆக, எங்கள் தோட்டத்துக்கு அந்த மூன்று அத்தியாயங்களையும் எழுதியவர் அவர்தான். பல வருஷம் கழித்து, கிண்டிலில் அதே பகுதியைப் படித்தபோது கல்கி எழுதியது எனக்குக் கொஞ்சம் மட்டாகத்தான் பட்டது.

புத்தகம் ஒருவர் கையில் தங்க நாலு நாள் கெடு. கெடு தப்பினால் வாசலில் ஆள் வந்து நிற்கும்.

“என்னம்மா, முடிச்சிட்டியா?”

“இன்னும் ரெண்டே அத்தியாயம் பெரியம்மா. நாளைக்குப் பள்ளிக்கூடம் விட்டு வரப்போ கொண்டாந்து குடுத்துடுறேன்.”

“நாளைக்குன்னா நாளைக்கு. அடுத்தது எட்டாம் நம்பர் வீட்டுக்காரி. கேட்டுக் கேட்டு உசுர வாங்குறா.”

இந்தப் பெரியம்மா எங்களுக்குச் சொந்தம் கிடையாது. அந்தக் காலத்தில் லயத்தில் யாரும் யாரையும் பெயர் சொல்லி அழைத்ததில்லை; வயதுக்கேற்ற உறவு தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். அவர் வாசலில் வந்து நிற்காவிட்டால் நான் அவ்வளவு படித்திருப்பேனா என்பது சந்தேகம். பின்னால் ஆள் காத்திருக்கிறது என்ற நெருக்கடியில்தான் ஒரே மூச்சில் முடித்தோம். முடித்ததும் பேச ஆள் இருந்தது. பொன்னியின் செல்வனில் வரும் நந்தினி நல்லவளா கெட்டவளா என்று பால் நிறுக்கும் இடத்தில் சண்டை மூண்டு, வேலையை மேற்பார்க்கும் தண்டல் வந்து அதட்டிய நாளும் உண்டு. தண்டலும் அதைப் படித்தவர்தான். அதட்டிவிட்டு, அவள் பக்கமும் நியாயம் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்.

என் பாட்டிக்கு எழுத்துத் தெரியாது, ஆனால் தொடர்கதை தெரியும். சாயங்காலம் படிக்கட்டில் யாராவது உரக்கப் படிக்க, பாட்டியும் அவர் வயதொத்தவர்களும் வெற்றிலை போட்டுக்கொண்டு கேட்பார்கள். படிப்பது பெரும்பாலும் நாங்கள், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள். தமிழைத் தடுமாறாமல் படிக்க நான் பழகியது வகுப்பில் அல்ல, அந்தப் படிக்கட்டில். ஒரு வரியை விழுங்கிவிட்டால் பாட்டி கண்டுபிடித்துவிடுவார். “என்னடி, அவ பதில் சொன்னாளா இல்லையா?” என்று குரல் வரும். திரும்ப மேலே போய்ப் படித்துத்தான் தீர வேண்டும்.

எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் கித்தா போய்ச் செம்பனை வந்தது. செம்பனைக்கு அத்தனை ஆள் தேவையில்லை. இருந்த வேலைக்கும் வெளிநாட்டுத் தொழிலாளர் வந்தார்கள். சில தோட்டங்கள் வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைக்கும் கைமாறின. லயத்தில் இருந்தவர்கள் பத்து பிரெண்டாம், ஆயர் குரோ, டுரியான் துங்கல், மெர்லிமாவ் என்று கிடைத்த தாமான் குடியிருப்புகளுக்குப் போனோம். வீட்டுக்குள் குழாய், நாள் முழுக்க மின்சாரம், சொந்தப் பெயரில் பத்திரம். தோட்டத்து வறுமையை மறந்துவிட்டு அதைப் பொற்காலம் என்று பாட நான் தயாரில்லை. ஆனால் தாமானில் இந்தப் பக்கம் சீனர், அந்தப் பக்கம் மலாய்க்காரர். நல்ல மனிதர்கள், பெருநாளுக்குப் பலகாரம் கைமாறும். புத்தகம் கைமாற வேண்டுமென்றால் அதே மொழியைப் படிக்கிறவர் கூப்பிடு தூரத்தில் இருக்க வேண்டும். அவர்களெல்லாம் ஆளுக்கொரு தாமானில் இருந்தார்கள்.

எங்களோடு வந்த புத்தகங்களைப் புது வீட்டுச் சாமான் அறையில் கறையான் தின்றது. தாமானில் அந்தப் பொன்னியின் செல்வனைப் பார்த்தவர் யாருமில்லை. கடைசியாகக் கோடு விழாத நம்பர் எது என்று நினைவில்லை. தமிழ் நேசனும் 94 ஆண்டு ஓடி, 2019 ஜனவரியோடு நின்றது. மலாக்கா நகரில் ஜாலான் பெண்டஹாரா லிட்டில் இந்தியாவில் சேலை கிடைக்கும், மல்லிகைப்பூ கிடைக்கும், பித்தளை விளக்கு கிடைக்கும். புது நாவல் ஒன்று வேண்டுமென்று போனால் வெறுங்கையோடு திரும்ப நேரும். கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸுக்குப் போக வேண்டும், இல்லாவிட்டால் சென்னையிலிருந்து வரவழைக்க வேண்டும். அஞ்சல் செலவு புத்தக விலையைத் தொட்டுவிடும்.

இந்த நிலையில் கிண்டில் வந்தது பெரிய உபகாரம் என்பதை மறைக்க மாட்டேன். அமேசான் அதை 2007 நவம்பரில் அமெரிக்காவில் விற்பனைக்கு விட்டது. அதற்கு மூன்று வருஷம் முன்பே சோனி ஜப்பானில் இப்படியொரு கருவியைக் கொண்டுவந்துவிட்டது. இரண்டிலும் வேலை செய்வது மின்மைத் திரை. கண்ணுக்குத் தெரியாத நுண்குமிழ்களுக்குள் கறுப்புத் துகளும் வெள்ளைத் துகளும் மிதக்கின்றன. மின்சாரம் எதை மேலே இழுக்கிறதோ அது தெரிகிறது. எழுத்து வந்து நின்றுவிட்டால் அதை அப்படியே வைத்திருக்க மின்சாரம் வேண்டியதில்லை. அதனால்தான் கைத்தொலைபேசி போலத் தினமும் சார்ஜ் போடாமல் வாரக்கணக்கில் ஓடுகிறது. வெயிலில் உட்கார்ந்தாலும் காகிதம்போலப் படிக்கலாம்; புது வகைகளில் இருட்டில் படிக்க உள் விளக்கும் உண்டு. பத்து மணி ஜெனரேட்டரோடு மல்லுக்கட்டிய அப்பா இதைப் பார்த்திருக்க வேண்டும்.

தமிழுக்கு இது கொஞ்சம் பிந்தித்தான் வந்தது. 2016 டிசம்பரில் அமேசான் தமிழ் உட்பட ஐந்து இந்திய மொழிகளில் நூல் விற்கத் தொடங்கியது. ஆனால் அமேசானுக்கு வெகுகாலம் முன்பே தமிழர்கள் தாமாக இந்த வேலையில் இறங்கிவிட்டார்கள். சுவிட்சர்லாந்தில் வாழும் கல்யாணசுந்தரமும் அமெரிக்காவில் வாழும் குமார் மல்லிகார்ஜுனனும் 1998 பொங்கலன்று மதுரைத் திட்டத்தைத் தொடங்கினார்கள். உலகெங்கும் உள்ள தன்னார்வலர்கள் சங்க இலக்கியம் முதல் கல்கிவரை தட்டெழுதி, பிழை பார்த்து, காசு வாங்காமல் வலையில் வைத்தார்கள். கல்கியின் எழுத்தைத் தமிழ்நாட்டு அரசு நாட்டுடைமை ஆக்கியதால், நாங்கள் பாலால் ஒட்டிக் காப்பாற்றிய கதையின் ஐந்து பாகமும், எந்த அத்தியாயமும் விடுபடாமல், இப்போது யாருக்கும் இலவசம்.

இதில் மலேசியாவின் பங்கும் உண்டு. ஆப்பிள் கருவிகளில் நாம் காணும் தமிழ் எழுத்துருக்களை வடித்தவர் நம் நாட்டு முத்து நெடுமாறன். எண்பதுகளிலேயே கணினியில் தமிழ் எழுத முரசு மென்பொருளைச் செய்தவரும் அவரே. அவருடைய தந்தை கவிஞர் முரசு நெடுமாறன், இந்த மண்ணில் பழைய இதழ்களில் சிதறிக் கிடந்த கவிதைகளைத் தேடித் திரட்டி 1997இல் மலேசியத் தமிழ்க் கவிதைக் களஞ்சியமாக வெளியிட்டார். தந்தை மக்கிக்கொண்டிருந்த காகிதத்திலிருந்து எழுத்தை மீட்டார். மகன் எழுத்துக்குத் திரையில் இடம் பிடித்தார். காகிதமா திரையா என்று கட்சி கட்டுகிறவர்கள் இந்த ஒரு வீட்டைப் பார்த்தால் போதும்.

எனக்கு மிகவும் பயன்பட்டது எழுத்தைப் பெரிதாக்கும் வசதி. கண்புரை வந்த வயதில் மலிவுப் பதிப்பின் பொடி எழுத்து எறும்பு ஊர்வதாகத் தெரியும். 2020 மார்ச் 18 முதல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து வீட்டுக்குள் அடைபட்டபோது, கடையும் இல்லை, தபாலும் ஒழுங்கில்லை. இந்தக் கருவிதான் துணை. நம் ஊர்ப் புழுக்கத்தில் காகிதம் பூக்கும், பூசணம் பிடிக்கும், வெள்ளிப்பூச்சி அரிக்கும். இதற்கு அந்த நோய் எதுவும் கிடையாது.

குறையும் சொல்ல வேண்டும். எழுத்தைப் பெரிதாக்கினால் என் கருவியில் ஒரு வரிக்கு இரண்டு மூன்று சொல்தான் நிற்கிறது. தமிழ்ச் சொற்கள் நீளமானவை. அவற்றை வரிக்கடைசியில் பிரித்துப் போட அதற்குத் தெரியவில்லை. சொல்லுக்குச் சொல் பள்ளம் விழுகிறது. விலை டாலரில் வருவதால் ரிங்கிட் இறங்கும்போது புத்தகம் ஏறுகிறது. எல்லாவற்றையும்விட, மலேசிய எழுத்து அங்கே சொற்பம். நம் எழுத்தாளர் பலர் கைக்காசைப் போட்டு அச்சடித்து, வெளியீட்டு விழாவில் விற்றதோடு சரி. சயாம் மரண ரயில் பாதை போட ஜப்பானியர் தோட்டங்களிலிருந்து ஆள் பிடித்துப்போன காலத்தை அ. ரெங்கசாமி ‘நினைவுச் சின்னம்’ நாவலில் எழுதினார், ஆர். சண்முகம் ‘சயாம் மரண ரயில்’ என்றே எழுதினார். அந்த ரயிலுக்குத் தாத்தாவைக் கொடுத்த குடும்பங்கள் மலாக்காவிலும் உண்டு. அவர்கள் வீட்டுப் பேரப்பிள்ளை படிக்க வேண்டுமானால் இப்படிப்பட்ட நூல்கள்தான் முதலில் திரைக்கு வர வேண்டும்.

இன்னொரு குறை தோட்டத்து ஆளுக்கு உடனே புரியும். கிண்டிலில் காசு கொடுத்துப் பெறுவது லயத்து வீட்டைப் போன்றது: குடியிருக்கலாம், சொந்தம் கொண்டாட முடியாது. 2009 ஜூலையில் அமேசான், விற்றவருக்கு உரிமை இல்லையென்று தெரிந்ததும், வாங்கியவர்களின் கருவிகளுக்குள் புகுந்து ஜார்ஜ் ஆர்வெலின் ‘1984’ நாவலை அழித்தது. அரசாங்கம் எழுத்தை அழித்து மாற்றும் கதையைச் சொல்லும் நாவல் அது! காசைத் திருப்பிக் கொடுத்தார்கள், தலைவர் மன்னிப்பும் கேட்டார். ஆனால் சாவி யார் கையில் என்பது தெரிந்துபோயிற்று. வாங்கிய நூலைக் கணினியில் இறக்கி வைத்துக்கொள்ள இருந்த வழியையும் 2025 பிப்ரவரி 26 முதல் மூடிவிட்டார்கள்.

சொந்தம் இல்லாததால் கைமாற்றவும் முடியாது. குடும்பத்துக்குள் பகிர ஏற்பாடு இருக்கிறது. இரண்டு பெரியவர்களும் பிள்ளைகளும் என்பது அவர்கள் கணக்கில் குடும்பம். எட்டாம் நம்பர் வீட்டுக்காரிக்கு அதில் இடமில்லை. பிறர் படித்த தடயம் வேண்டுமா, அதையும் கருவி தருகிறது: ஒரு வரிக்கடியில் புள்ளிக்கோடு போட்டு, இத்தனை பேர் இதைக் குறித்திருக்கிறார்கள் என்று எண்ணிக்கை காட்டும். இத்தனை பேர் என்பதை வைத்து நான் என்ன செய்ய? நந்தினிக்காகச் சண்டை போட்டவள் யார் என்று எனக்குத் தெரியும். அவள் ஏன் போட்டாள் என்பதும் தெரியும். அவள் கதை அப்படி.

ஆகவே நான் ஏங்குவது புத்தகத்துக்கு அல்ல, புத்தகத்தின் பின்னால் நின்ற வரிசைக்கு. ஒரு பிரதியை நாற்பது வீடு படித்தது பதிப்பகத்துக்கு நஷ்டம்தான். ஆனால் அந்த நாற்பது வீட்டிலும் தமிழ் படிக்கிறவர் ஒருவராவது மிஞ்சினார். வரிசை கலைந்தால் என்ன ஆகும் என்பதற்கு மலாக்காவிலேயே சான்று உண்டு. மலாய் எழுத்தாளர் முன்ஷி அப்துல்லா 1849இல் அச்சான தன் வரலாற்றில், சிறுவயதில் இங்கே தமிழ் படிக்க அனுப்பப்பட்டதைச் சொல்கிறார். அன்று மலாக்காவில் வணிகக் கணக்கு தமிழில் ஓடியதால் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் அதைக் கற்றார்கள். பாதிரியார்களின் அச்சுக்கூடத்தில் ஈய எழுத்துக் கோக்கவும் அவர் இதே ஊரில்தான் பழகினார். அன்றைக்கு அது கிண்டிலைவிடப் பெரிய அதிசயம். அச்சு நிலைத்தது, ஊரில் தமிழ்க் கணக்கு நிலைக்கவில்லை. காஜா பெராங்கில் பழைய தமிழ் வணிகர் வழிவந்த மலாக்காச் செட்டிகள் இன்றைக்கும் கோயிலை விடாமல் நடத்துகிறார்கள். அவர்கள் வணங்கும் பிள்ளையாருக்கு ஜாலான் துக்காங் எமாஸில் 1781இல் எழுந்த கோயில் இன்னும் நிற்கிறது. வீட்டு மொழி மட்டும் மலாய் ஆகி எத்தனையோ தலைமுறை ஆகிவிட்டது. படிக்க ஆள் இல்லாதபோது ஓலை, ஈயம், திரை எல்லாம் ஒன்றுதான்.

கைமாற்றும் பழக்கம் அடியோடு செத்துவிட்டது என்றும் சொல்ல முடியாது. வாட்ஸ்அப் குழுக்களில் வாராவாரம் இதழ்களின் பிடிஎஃப் வந்து விழுகிறது. அது திருட்டு, எழுதியவர் வயிற்றில் அடிப்பது. நான் திறப்பதில்லை. ஆனால் அனுப்புகிறவர்கள் யாரென்று பார்த்தால் பாதிப் பேர் தோட்டத்தில் பிறந்தவர்கள். கையில் ஒன்று கிடைத்தால் அடுத்த வீட்டுக்குத் தள்ளிவிட வேண்டும் என்ற புத்தி போகவில்லை. நாலு நாள் கெடு மட்டும் போய்விட்டது. கெடு இல்லாததால் அனுப்புகிறவரும் படிப்பதில்லை, வாங்குகிறவரும் படிப்பதில்லை, தொலைபேசி நிரம்புகிறது. முடிச்சிட்டியா என்று கேட்க யாருமில்லை.

அரசாங்கத்தின் வருமான வரிக் கழிவில் புத்தகம், இதழ், கணினி, திறன்பேசி, கைப்பலகை எல்லாம் ‘வாழ்க்கைமுறை’ என்ற ஒரே தலைப்பில் 2,500 ரிங்கிட்டுக்குள் அடங்குகின்றன. அரசாங்கத்துக்குக் காகிதமும் திரையும் ஒரே கணக்கு. எனக்கும் இப்போது அப்படித்தான். இந்த மாநிலத்தில் 21 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. அவற்றின் வகுப்புகளுக்கு யாராவது மின்நூல் கருவி வாங்கித் தர வந்தால் பிள்ளைக்கு ஒன்று என்று தராதீர்கள் என்பேன். வகுப்புக்கு ஒன்று போதும். மதுரைத் திட்டத்து நூல்களை ஏற்றி, நாலு நாள் கெடு வைத்து, சுவரில் ஒரு பட்டியல் ஒட்டுங்கள். பின்னால் ஆள் நின்றால் பிள்ளை படிக்கும்.

நான் என் அளவில் தொடங்கிவிட்டேன். நூலைக் கைமாற்ற விடவில்லை என்றால் கருவியையே கைமாற்ற வேண்டியதுதானே. கிண்டிலுக்குப் பூட்டு எண் போடவில்லை. தாமான் கோயிலுக்கு வரும் பெண்களில் கேட்பவருக்குக் கொடுக்கிறேன். மகளுக்குக் கோபம். “அது ஒருத்தர் பாவிக்கிற சாமான்மா, உங்க கணக்குல காசு போயிடும்” என்கிறாள். போகட்டும் என்று சொல்ல முடியாதாகையால், கடைக்குப் போகும் வழியை அடைத்துக் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். போன வாரம் திரும்பி வந்தபோது எழுத்து வரிக்கு ஒரே சொல்லாகப் பெருத்திருந்தது. கொண்டுபோனவர் கண்ணாடி போடாமல் படித்திருக்கிறார். நான் நிறுத்திய பக்கம் எங்கோ போய்விட்டது. கதை பிடித்ததா என்று கேட்டேன். பிடிக்கவில்லையாம், ஏன் பிடிக்கவில்லை என்று அரை மணி நேரம் சொன்னார்.